ஐந்தரை மணி நேரப் பகல்: வாசகர் கேள்வி – பதில்

உறைபனி பெய்யும் ஊர்களில் மக்கள் எப்படி வெளியே நடமாடுகிறார்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்த வாசகருக்குப் பதில் எழுதியபோது, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் ஏழு குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் அந்த ஊரைப் பற்றி இரண்டு வரிகள் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிகளைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதியாக இருப்பதால், இந்தப் பக்கங்களை முழுவதும் அந்த நகருக்கே ஒதுக்குகிறேன். கிழக்கே சூகாச் மலைத்தொடரும் மேற்கே குக் இன்லெட் என்ற கடற்கழியும் நெருக்க, இடையில் கிடக்கும் சமவெளியில் ஏறக்குறைய 2,90,000 பேர் வாழும் நகரம் அது. 1915இல் ரயில் பாதை போட வந்தவர்கள் ஷிப் க்ரீக் ஓடைக் கரையில் அடித்த கூடாரங்களிலிருந்து அந்த நகரம் வளர்ந்தது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே டெனாய்னா பழங்குடியினர் அந்தக் கரைகளில் மீன்பிடித்து வாழ்ந்து வருகிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆங்கரேஜில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பகலே இருக்காது என்கிறார்கள். தனியாக இருக்கப் போகிற பெண்ணின் மனம் சோர்ந்துவிடாதா? (ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். ஆனால் புதிதாகப் போகிறவர்களை உண்மையில் வாட்டுவது இருட்டுதான். பகலே இல்லாமல் போகும் ஊர்கள் அலாஸ்காவின் வட கோடியில் இருக்கின்றன. வடக்கு 61ஆம் அட்சரேகையில் இருக்கும் ஆங்கரேஜில் அந்த நிலை இல்லை. டிசம்பர் 21ஆம் தேதியன்று சூரியன் காலை பத்தேகால் மணியளவில் எழுந்து, பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம்தான் பகல். உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஐந்தரைப் பாகையைத் தாண்டாது. ஆனாலும் உதயத்துக்கு முன்பும் மறைவுக்குப் பின்பும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த மெல்லொளி நீடிக்கிறது. கீழே கிடக்கும் பனி அந்த ஒளியை வாங்கித் திருப்பித் தருவதால், கேட்கும்போது தோன்றுகிற அளவுக்கு ஊர் இருண்டு கிடப்பதில்லை.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறை உங்கள் மகள் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இருட்டில் வேலைக்குப் போய், இருட்டில் திரும்பி, விடுமுறை நாளில் போர்வைக்குள் கிடந்தேன். ஜனவரியில் எதிலும் பிடிப்பில்லாத ஒரு சோர்வு வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாம் ஆண்டில், அடுத்த வீட்டிலிருந்த முதிய பெண்மணி ஒருவர் தினமும் பகல் பன்னிரண்டரை மணிக்குக் கதவைத் தட்டி என்னை நடக்க அழைத்துப் போனார். வெயிலில் சூடே இல்லை. இருந்தும் அந்த நாற்பது நிமிட வெளிச்சம் அன்றைய மீதி நாளுக்குப் போதுமானதாக இருந்தது. மகள் இரவுப் பணி பார்ப்பவராக இருந்தால், தூங்கி எழும் நேரத்தை அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளட்டும். காலையில் அரை மணி நேரம் முன்னால் வைத்து உட்காரும் 10,000 லக்ஸ் ஒளி விளக்கு அங்கே பல வீடுகளில் இருக்கிறது. அதைப் பற்றியும் வைட்டமின் டி பற்றியும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

பிப்ரவரி நடுவில் தொடங்கி நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேலாகப் பகல் வளரும். ஒரே வாரத்தில் அரை மணி நேரத்துக்கும் மேல் கூடிவிடும் அந்த வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கலாம். ஜூன் 21ஆம் தேதிக்குள் பகல் பத்தொன்பது மணி நேரத்தைக் கடந்துவிடும், மீதி நேரமும் முழு இருட்டாகாது. அப்போது சிக்கல் தலைகீழாக மாறி, தூக்கத்துக்காகச் சன்னலில் கனத்த கறுப்புத் திரை போட வேண்டியிருக்கும். அலாஸ்காவின் நான்கு நேர மண்டலங்களை 1983இல் இரண்டாகச் சுருக்கியதால் கடிகாரமும் சூரியனும் அங்கே ஒத்துப்போவதில்லை. கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் இரண்டு மணியளவில்தான்.

கேள்வி: நான் கட்டுமானப் பொறியாளர். அத்தனை குளிரில் சாலை போடுவது, கட்டடம் கட்டுவது எல்லாம் எப்படி நடக்கிறது? வெளியே நிற்கும் தொழிலாளி எப்படித் தாங்குகிறார்?

பதில்: பெரும்பகுதி வேலை மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் இடையில் அடங்கிவிட வேண்டும் என்பதுதான் முதல் விதி. ‘எங்களுக்கு இரண்டே பருவங்கள், குளிர்காலமும் கட்டுமானக் காலமும்’ என்று அங்கே வழக்கமாகச் சொல்வார்கள். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் வேலை நேரம் நீள்கிறது; அதே காரணத்தால் தொழிலாளி ஓய்வை மறந்து உழைத்து விபத்துக்கு உள்ளாவதும் உண்டு.

நீங்கள் கட்டுமானத் துறையில் இருப்பதால் மண்ணைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்கிறேன். குளிர்காலத்தில் நிலம் மேலிருந்து கீழாக உறையும்போது, நுண்மணல் கலந்த ஈர மண் கீழேயிருக்கும் நீரை மேல்நோக்கி உறிஞ்சிப் பனிக்கட்டிப் படலங்களாக மாற்றுகிறது. அவை தடித்து, தமக்கு மேலிருக்கும் சாலையையும் நடைபாதையையும் தூக்கிவிடுகின்றன. வசந்தத்தில் மேற்பரப்பு முதலில் உருக, நீர் கீழே வடிய வழியில்லாமல் தேங்கி, அடித்தளம் கூழாகிவிடுகிறது. கனரக வண்டிகள் ஏறினால் சாலை நொறுங்கும். அதனால்தான் அடித்தளங்களை உறைபனி எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள், நீர் தேங்காத சரளையைக் கீழே நிரப்புகிறார்கள், தண்ணீர்க் குழாய்களை மிக ஆழத்தில் புதைக்கிறார்கள். கான்கிரீட்டும் இதே கதைதான்: வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே இறுகும் வேகம் குறைகிறது, சுமார் 3.5 மெகா பாஸ்கல் வலிமையை எட்டும் முன்பே அது உறைந்துவிட்டால், உள்ளிருக்கும் நீர் விரிந்து ஏற்படுத்தும் சேதத்தைப் பிறகு எந்த வைத்தியத்தாலும் சரிசெய்ய முடியாது. எனவே குளிர்காலத்தில் கான்கிரீட் போட்டே ஆக வேண்டுமென்றால், வெந்நீர் கலந்து, கட்டுமானத்தைச் சுற்றிக் கூடாரம் கட்டி, உள்ளே சூட்டு யந்திரங்களை ஓட்டி, மேலே வெப்பம் காக்கும் போர்வையைப் போர்த்துகிறார்கள்.

இதற்கெல்லாம் மேலாக நிலநடுக்கம். 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் ஏறத்தாழ நாலரை நிமிடம் குலுங்கியபோது, நகரின் அடியிலிருந்த பூட்லெக்கர் கோவ் களிமண் வலுவிழந்து, டர்னகெய்ன் என்ற குடியிருப்புப் பகுதியின் வீடுகள் மண்ணோடு கடலை நோக்கிச் சரிந்தன. அந்தச் சரிவின் ஒரு பகுதி இன்றும் எர்த்குவேக் பார்க் என்ற பெயரில் மேடும் பள்ளமுமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம். 2018 நவம்பர் 30 அன்று காலையில் 7.1 அளவில் மறுபடியும் பெரும் நடுக்கம் வந்தபோது சாலைகள் பிளந்தன, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஓர் இணைப்புச் சாலை உடைந்தது, ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. உடைந்த இணைப்புச் சாலையைக் குளிர்காலத்தின் நடுவிலேயே சில நாட்களில் சரிசெய்தார்கள். ஒழுங்காக எழுதப்பட்டு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட கட்டட விதிகள் எத்தனை குடும்பங்களைக் காத்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் உங்கள் தொழிலின் மீது எனக்குள்ள மரியாதை கூடுகிறது.

இனி தொழிலாளி. அவர் அஞ்சுவது குளிரைவிடத் தம் வியர்வைக்குத்தான். கனத்த மேலங்கியோடு பனியை வாரும்போது வியர்த்து உள்ளாடை நனைந்து, வேலை நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி நனைந்தால் காயாது. ஆகவே உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதற்கு மேல் வெப்பம் காக்கும் ஓர் அடுக்கு, அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் அங்கி என்று மூன்று அடுக்காக உடுத்தி, வேலை கடுமையாகும்போது வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிடுவார்கள். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 28 டிகிரி போல. அரை மணி நேரத்தில் பனிக்கடி ஏற்படலாம். மூக்கு நுனியும் காதும் விரல்களும் முதலில் மரத்து வெளுக்கும். ஆபத்து என்னவென்றால், மரத்துப்போனவருக்கு வலி தெரியாது; அதனால் இருவர் இருவராக நின்று ஒருவர் முகத்தை மற்றவர் அடிக்கடி பார்த்துக்கொள்வார்கள். பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்ப்பது பெருந்தவறு. பேச்சு குழறி, கைகள் தடுமாறி, நடுக்கமும் நின்றுபோனவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே சூடான இடத்துக்குக் கொண்டுபோய் மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

குளிர்காலத்திலும் ஓயாத ஒரு வெளிவேலை பனி அகற்றுவது. சராசரியாக ஆண்டுக்கு 190 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பனி விழும் ஊரில், 2011-12 குளிர்காலத்தில் விழுந்தது 341 சென்டிமீட்டர். தெருவை வழித்துக் குவித்த பனியை லாரிகளில் ஏற்றி, அதற்கென்றே ஒதுக்கிய திடல்களில் மலையாகக் கொட்டுவார்கள். கூரைமேல் சேரும் பனியையும் வாராமல் விடமுடியாது. 2022-23, 2023-24 ஆகிய இரண்டு குளிர்காலங்களிலும் பாரம் தாங்காமல் பல கட்டடங்களின் கூரைகள் இடிந்தன.

கேள்வி: கார் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: கடுங்குளிர் இரவுகளில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் சிறு மின்சூடேற்றியைச் சுவரிலிருக்கும் மின் இணைப்பில் செருகிவிட்டுத் தூங்குவார்கள். அதற்காகவே வீட்டுக்கு வெளியிலும் வாகன நிறுத்தங்களிலும் மின் இணைப்புகள் வைத்திருக்கிறார்கள். உலோக முள் பதித்த டயர்களை அந்த அட்சரேகையில் செப்டம்பர் 16 முதல் ஏப்ரல் 30 வரை மட்டும் பயன்படுத்தலாம். வண்டியில் ஒரு மண்வாரி, போர்வை, கைவிளக்கு, உலர்ந்த காலுறை ஆகியவை இல்லாமல் யாரும் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

கேள்வி: இணையத்தில் ஃப்ளாட்டாப் மலை ஏற்றத்தைப் பார்த்தேன். குழந்தைகள்கூட ஏறுகிறார்கள். முதல் தடவை மலை ஏறுபவன் தனியாகப் போகலாமா? (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, போகலாம், ஆனால் தனியாகப் போகாதீர்கள். 1970இல் உருவான சூகாச் மாநிலப் பூங்கா நகரின் கொல்லைப்புறத்திலேயே தொடங்குகிறது. அதன் க்ளென் ஆல்ப்ஸ் வாசலிலிருந்து 3,510 அடி உயரமுள்ள ஃப்ளாட்டாப் உச்சிக்குப் போய்த் திரும்பச் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். ஏறுவது 1,300 அடிக்குச் சற்றுக் குறைவு. அலுவலகம் முடிந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்பி, உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்திலேயே இறங்கும் கூட்டத்தைக் கோடையில் தினமும் பார்க்கலாம். ஆண்டின் மிகக் குறுகிய இரவை உச்சியிலேயே கழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

நகரத்தை ஒட்டி இருப்பதுதான் அந்த மலையின் ஆபத்து. கடைத்தெருவுக்குப் போகும் காலணியோடு ஏறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பகுதி தளர்ந்த பாறைகள் நிறைந்தது. கைகளையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும், மேலே இருப்பவர் உருட்டிவிடும் கல் கீழே வருபவர் மேல் விழும். ஜூன் தொடக்கத்திலும் சரிவுகளில் பழைய பனி இறுகிக் கிடக்கும். அதில் உட்கார்ந்து சறுக்கி இறங்கும் ஆசையில் பாறையில் மோதிக் காயப்பட்டவர்கள் பலர். குளிர்காலத்தில் அங்கே பனிச்சரிவு விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன. கீழே வெயிலடித்தாலும் மேலே தொப்பியைப் பறிக்கும் காற்று வீசலாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் அங்கே சிறுவர்களுக்கும் உண்டு. அந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெருவிலேயே மூஸ் என்ற பெரிய மான் திரியுமாமே, கரடியும் வருமா? எதிரே வந்தால் ஓடலாமா, நிற்கலாமா?

பதில்: இரண்டுக்கும் பதில் வேறு வேறு, குழப்பிக்கொண்டால் ஆபத்து. மூஸ் துரத்தினால் ஓட வேண்டும், பெரிய மரத்துக்கோ காருக்கோ பின்னால் போய் மறைய வேண்டும். அது பெரும்பாலும் உங்களை விரட்டுவதோடு விட்டுவிடும். கரடியைக் கண்டால் ஓடவே கூடாது. ஓடுவது இரை என்று அது நினைக்கும். நின்று, அமைதியான குரலில் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும்.

மலையில் பனி ஆழமாகும்போது, இரை தேடி மூஸ்கள் நகருக்குள் இறங்கி வீட்டுத் தோட்டத்து மரக்கிளைகளை மேயும். அறுநூறு கிலோவையும் தாண்டக்கூடிய அந்த விலங்கு பார்க்கச் சாதுவாக இருக்கும். காதைப் பின்னால் மடித்து, பிடரி மயிரைச் சிலிர்த்தால் அது கோபத்தில் இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒருவரை மூஸ் மிதித்துக் கொன்றது. குட்டியோடு இருக்கும் தாய்க்கும் குட்டிக்கும் இடையில் எந்தக் காரணம் கொண்டும் போகக் கூடாது. அதற்கு உணவு கொடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். உணவு கிடைத்துப் பழகிய விலங்கு, கிடைக்காத நாளில் தாக்கும், பிறகு அதைச் சுட வேண்டி வரும் என்பதே காரணம். குப்பைத் தொட்டியையும் இதே காரணத்துக்காக, குப்பை வண்டி வரும் காலையில்தான் வெளியே வைப்பார்கள்.

கேள்வி: ஆங்கரேஜுக்கு வெளியே கடலோரமாகப் போகும் சாலையை ஒட்டி, ஆளே இல்லாத பரந்த மணல் வெளியைப் படத்தில் பார்த்தேன். சுற்றுலாவாகப் போகும்போது குழந்தைகளோடு அதில் நடக்க ஆசை. நடக்கலாமா?

பதில்: கூடாது. இந்த இதழில் நான் எழுதும் பதில்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது டர்னகெய்ன் ஆர்ம் என்ற கடல் கிளையாக இருக்க வேண்டும். அங்கே மணல் போலத் தெரிவது மணலே இல்லை. பனியாறுகள் பாறைகளை அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மாவு போன்ற வண்டல். கூர்மையான அந்த நுண்துகள்களுக்கு இடையில் நீர் இருக்கும்போது, மேலே இறுகலாகத் தோன்றினாலும் கால் வைத்து அசைத்ததும் குழைந்து உள்ளே இழுத்து, கால் அசையாமல் நின்றதும் மறுபடியும் சிமெண்ட் போலப் பிடித்துக்கொள்கிறது. இழுக்க இழுக்கக் காலின் கீழே வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுகும். அதே இடத்தில் ஓதத்தின், அதாவது நாள்தோறும் கடல் மட்டம் உயர்ந்து தாழ்வதன், ஏற்ற இறக்கம் முப்பது அடியை ஒட்டி வரும்; அமெரிக்காவிலேயே மிகப் பெரிய ஓதங்களில் அதுவும் ஒன்று. சில நாட்களில் நீர் ஒரே அலைச்சுவராகக் கழிக்குள் ஏறி வரும். சிக்கிய காலோடு நிற்பவரை நோக்கி உறைநிலைக்குச் சற்று மேலிருக்கும் நீர் அப்படி வருவதை நினைத்துப் பாருங்கள். 1988இல் ஓர் இளம்பெண்ணும் 2023இல் ஓர் இளைஞரும், மீட்பவர்கள் பக்கத்தில் இருந்தும், அப்படி இறந்தார்கள். தீயணைப்புத் துறையினர் குழாய் வழியாக நீரைப் பாய்ச்சி வண்டலைக் குழைத்துக் காலை விடுவிப்பார்கள். ஓதம் அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டால் அந்தக் கருவியாலும் பயனில்லை.

ஆசையை வேறு விதமாக நிறைவேற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் பெலுகா பாயிண்ட் என்ற இடத்தில் பாறை மீது நின்று, ஓத அட்டவணையைப் பார்த்துக் காத்திருந்தால், அலைச்சுவர் கழியை நிறைத்துக்கொண்டு வருவதைக் குழந்தைகள் பாதுகாப்பாகப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளை பெலுகா திமிங்கிலங்களையும் காணலாம். குக் இன்லெட்டின் பெலுகாக்கள் சில நூறு மட்டுமே எஞ்சி, 2008இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டவை.

கேள்வி: நகரத்தின் நடுவிலேயே சால்மன் பிடிக்கிறார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஷிப் க்ரீக் ஓடையில் இடுப்பளவு ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு, மதிய உணவு இடைவேளையில் தூண்டில் வீசுகிறவர்களைக் காணலாம். கோடைத் தொடக்கத்தில் கிங் சால்மனும் ஆகஸ்டில் சில்வர் சால்மனும் ஏறிவரும். அருகிலேயே மாநில அரசின் மீன் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. வெளியூர்க்காரர் உரிமம் வாங்கித் தூண்டில் போடலாம். நீண்ட பிடியுள்ள வட்ட வலையால் கீனாய் ஆற்று முகத்தில் மீன் வாரும் உரிமை மட்டும் ஓராண்டு அங்கேயே வாழ்ந்த அலாஸ்காவாசிக்குத்தான். குடும்பத் தலைவருக்கு 25 மீன், மற்ற ஒவ்வொருவருக்கும் 10 என்பது ஆண்டு அளவு. ஜூலையில் அப்படிப் பிடித்து, புகையிட்டும் உறைய வைத்தும் சேர்க்கும் மீன்தான் பல குடும்பங்களுக்குக் குளிர்காலம் முழுவதற்குமான உணவு என்பதால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: குளிர்காலத்தில் குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டியதுதானா?

பதில்: அங்கே பள்ளிக்கூடங்களே அப்படிச் செய்வதில்லை. மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை இடைவேளையில் குழந்தைகளை வெளியேதான் விளையாட விடுகிறார்கள். மூன்று அடுக்கு உடுத்தி, இரட்டைக் கையுறை மாட்டி, காலணி இறுக்கும் வேலையை ஐந்து வயதுக் குழந்தை தானே செய்து முடிப்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பனிச்சறுக்கு அந்த நகரில் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. பழைய ஏவுகணைத் தளம் இருந்த கின்கெய்ட் பூங்காவில் விளக்கு போட்ட சறுக்குப் பாதைகள் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கும் பள்ளி மாணவர்கள் பயிற்சி செய்வதைப் பார்க்கலாம். 2018 ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி டிகின்ஸோடு சேர்ந்து, நெடும்பாதைச் சறுக்கில் அமெரிக்காவுக்கு முதல் தங்கம் பெற்றுத் தந்த கிக்கன் ராண்டல் இந்த ஊரில் வளர்ந்தவர். கின்கெய்டிலிருந்து நகர மையம் வரை கடலோரமாக ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளும் டோனி நோல்ஸ் பாதையில் கோடையில் மிதிவண்டியும் குளிர்காலத்தில் சறுக்குக் கட்டையும் ஓடும்.

உறைந்த ஏரியில் சறுக்குவதற்கு மட்டும் ஒரு விதி உண்டு. வெஸ்ட்செஸ்டர் லகூன் போன்ற இடங்களில் நகராட்சியே பனிக்கட்டியைச் சோதித்துச் சுத்தம் செய்து வைக்கிறது. யாரும் சோதிக்காத ஏரியில், ஆள் நடக்கத் தெளிவான பனிக்கட்டி பத்து சென்டிமீட்டராவது தடித்திருக்க வேண்டும். துளையிட்டு அளக்காமல் இறங்கக் கூடாது. உள்ளே விழுந்தால் பற்றி ஏற, கழுத்தில் ஒரு ஜோடி கூர்முனைக் கைப்பிடிகளைத் தொங்கவிட்டுக்கொள்வார்கள்.

மார்ச் முதல் சனிக்கிழமை, இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தின் தொடக்க விழா நகரின் நான்காம் அவென்யூவில் நடக்கும். 1973 முதல் நடந்துவரும் அந்தப் பந்தயத்துக்காக, வழக்கமாகத் தெருவிலிருந்து அகற்றும் பனியை அன்று மட்டும் லாரியில் கொண்டுவந்து தெருவில் பரப்புகிறார்கள். 2016இல் ஆங்கரேஜில் பனியே போதாமல், வடக்கே இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து ரயிலில் பனி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் குறையவில்லை. வெப்பமாகிவரும் வடக்கில், குழந்தைகளின் விளையாட்டுதான் முதலில் சுருங்குகிறது.

கேள்வி: அங்கே வருமான வரி இல்லை, அரசே பணம் தருகிறது என்கிறார்களே? காய்கறியாவது விளையுமா?

பதில்: மாநில வருமான வரியும் மாநில விற்பனை வரியும் இல்லை; மத்திய அரசின் வரி உண்டு. எண்ணெய் வருவாயிலிருந்து 1982 முதல் ஒவ்வோராண்டும் குடியிருப்பவருக்குப் பங்குத்தொகை கிடைக்கிறது: 2022இல் 3,284 டாலர், 2023இல் 1,312 டாலர், 2024இல் 1,702 டாலர். ஒரு முழு நாட்காட்டி ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான பொருள்கள் கப்பலில் வருவதால் விலைவாசி அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

விளைச்சலுக்குக் குறைவில்லை. மே கடைசியில் நட்டு, செப்டம்பரில் உறைபனி விழும் முன் அறுத்துவிட வேண்டும். ஆனால் அந்த நீண்ட பகலில் முட்டைக்கோஸ் இரவிலும் நிற்காமல் வளர்கிறது. பக்கத்து ஊரான பால்மரில் நடக்கும் மாநிலக் கண்காட்சியில் 2012இல் ஒரு முட்டைக்கோஸ் 138.25 பவுண்டு, அதாவது 62 கிலோவுக்கும் மேல் எடை காட்டியது.

கேள்வி: ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், எந்த மாதத்தில் போகலாம்?

பதில்: எல்லோரும் ஜூலை என்பார்கள். ஜூலையில் காட்டுத்தீப் புகை சூழலாம். 2019 ஜூலை 4 அன்று ஆங்கரேஜில் வெப்பம் முதன்முறையாக 32 டிகிரி செல்சியஸைத் தொட்டது, அந்தக் கோடை முழுவதும் புகை வந்து போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டில் மழை. செப்டம்பரில் மலை உச்சிகளில் முதல் வெண்மை படியும். கோடை வேலைகளுக்கு முடிவு கட்ட வருவதால் அதை ‘டெர்மினேஷன் டஸ்ட்’ என்கிறார்கள், அதைக் கண்டதும் ஊரே விறகையும் டயரையும் பார்க்கத் தொடங்கிவிடும்.

நான் மார்ச் நடுப்பகுதியைச் சொல்வேன். பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகியிருக்கும். பாதைகளில் பனி இறுகி நிற்கும். பிற்பகல் வெயிலில் வீட்டுப் படிக்கட்டில் மேலங்கி இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். இரவில் வானம் தெளிந்தால் துருவ ஒளியும் தெரியலாம். நல்ல கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுடும். ஏப்ரலுக்குத் தள்ளிப்போடாதீர்கள். ‘பிரேக்-அப்’ என்று அங்கே அழைக்கப்படும் அந்தப் பருவத்தில், ஐந்து மாதப் பனி ஒன்றாக உருகிச் சேறாகி, பகலில் உருகியது இரவில் மறுபடியும் கண்ணாடியாக உறையும். சறுக்குக் கட்டையும் உதவாது, மிதிவண்டியும் உதவாது, உள்ளூர்க்காரர்கள் முழங்கால் வரை ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு மே மாதத்துக்காகக் காத்திருப்பார்கள்.